தமிழ்ப் படக்கதை இதழ்கள்: வாசிப்பும் தொகுப்பும்

1. முன்னுரை

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டிற்குப் பின் பிறந்தோருள் பலர், ஒரு கதையைப் பிறர் துணையின்றித் தாமே முழுதும் படித்து முடிக்கும் இன்பத்தை முதன்முதலாக எய்தியது படக்கதை இதழ்களின் வாயிலாகவே ஆகும். பாடநூல் தந்த எழுத்துப் பயிற்சியை விருப்பமாக மாற்றிய பெருமை இவ்விதழ்களுக்கு உண்டு. ஆயினும், நம் இலக்கிய வரலாற்று நூல்களில் இவற்றிற்கு ஒரு பத்தியளவு இடமேனும் கிடைத்தல் அரிது. சிறுவர் இலக்கியம் பற்றி எழுதுவோரும் பாடலையும் கதையையும் நாடகத்தையும் ஆராய்ந்து, படக்கதையைப் பெயரளவில் சுட்டி அமைவர்.

அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. இளமையில் இவ்விதழ்களைப் படித்துக் கைவிட்டோர், நடுத்தர அகவையில் அவற்றை மீண்டும் தேடுகின்றனர். விடுபட்ட இதழ்களை விலை கொடுத்து வாங்குகின்றனர். மறுபதிப்புக்களை முன்பதிவு செய்து பெறுகின்றனர். இவ் ஆர்வத்தை வெறும் இளமை நினைவென்று ஒதுக்குதல் எளிது. அவ்வாறு ஒதுக்கின், அரை நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் ஒரு பகுதிக்குச் சான்றே இல்லாமற் போகும். ஆதலின், இவ்விதழ்கள் எவ்வாறு தோன்றின, இவற்றின் தமிழ் எத்தகையது, இவற்றைக் காத்தோர் யாவர் என்னும் மூன்றனையும் இக் கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

பெயர் பற்றி ஒரு சொல். இவ்வகை, படக்கதை எனவும் சித்திரக்கதை எனவும் காமிக்ஸ் எனவும் வழங்கும். பாட்டியல் நூலாரும் அணி நூலாரும் கூறும் சித்திரகவிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அஃது எழுத்துக்களைத் தேர் முதலிய வடிவில் அமைக்கும் செய்யுள். இஃது ஓவியக் கட்டங்களை முறையாக அடுக்கிக் கதை கூறுவது. பொது வழக்கு நோக்கி ஈண்டுப் படக்கதை என்னும் சொல்லையே ஆள்கின்றோம்.

2. ஓவியத்தைப் படித்தல்

ஓவியத்தைக் கண்டு கதையை உணரும் பழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பரிபாடலின் 19-ஆம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பாடுகின்றார். அங்கு வந்தோர், காமனும் இரதியும் யாவர் என வினவுகின்றனர்; அறிந்தோர் விடை கூறுகின்றனர். இந்திரன் பூனையுருக் கொண்டதும், அகலிகை கல்லானதும், கௌதமன் சினந்ததும் அங்குத் தீட்டப்பட்டிருந்தன. ஓவியத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு என்பதனையும், படித்தல் ஒருவரோடொருவர் உசாவி மகிழும் செயலாக இருந்தது என்பதனையும் இப் பாடல் காட்டுகின்றது.

ஓவியமோ சிற்பமோ எழுத்தொடு கூடி வருதலுக்கும் சான்றுகள் உள. காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலில், கி.பி. 8-ஆம் நூற்றாண்டில், பல்லவர் குடிவரலாறு சிற்பத் தொடராகச் செதுக்கப்பெற்றது. அதன் ஒரு பகுதியில் விளக்க வாசகங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், 12-ஆம் நூற்றாண்டினவாகிய அடியார் வரலாற்றுச் சிற்பங்கள் சிறு சிறு கட்டங்களாக அமைந்து, மேலே தமிழ் எழுத்திற் குறிப்புப் பெற்றுத் திகழ்கின்றன.

இவற்றிலிருந்து இன்றைய படக்கதை வழிவழியாக வளர்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. அச்சு இதழாகிய படக்கதை மேலை நாட்டு வார இதழ்களிலும் நாளிதழ்களிலும் தோன்றி நம்மிடம் வந்ததே ஆகும். பழமையைக் காட்டிப் பெருமை தேடுதல் எம் கருத்தன்று. எழுத்தும் ஓவியமும் கூடிய வழிப் பிறக்கும் வாசிப்பைத் தாழ்ந்ததாகக் கருதுதற்கு நம் மரபில் இடமில்லை என்பதே ஈண்டு வேண்டுவது.

3. இதழ்களின் தோற்றமும் பரவலும்

தமிழ் நாளிதழ் வாசகரிடையே படக்கதை வேரூன்றியதற்குத் தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ பெருங்காரணமாகும். சிந்துபாத்தை நாயகனாகக் கொண்ட இத்தொடர் நாள்தோறும் சில கட்டங்களாக வந்து, அறுபது ஆண்டுகளைக் கடந்தது. முடிவில்லாது நீளும் எதனையும் ‘கன்னித்தீவு’ என்று கூறும் வழக்குப் பேச்சுத் தமிழில் நிலைபெற்றது. ஓர் இலக்கிய வகை மக்கள் வாழ்வில் கலந்தமைக்கு, அதன் பெயர் உவமையாக வழங்குதலினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதழ் வடிவில், டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தார் 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் முன்னோடி எனலாம். லீ பாக் 1936-இல் படைத்த ‘பாண்டம்’ கதைகளோடு தொடங்கிய இவ் வரிசை தமிழிலும் வந்தது, 1990-இல் நின்றது. 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை புராணத்தையும் வரலாற்றையும் பொருளாகக் கொண்டது. அதன் நூல்கள் தமிழிலும் பெயர்க்கப்பெற்றன.

தமிழ்நாட்டிலேயே வேர்கொண்ட முயற்சிகளுள் தலையாயது சிவகாசியில் 1972-இல் மு. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் ஆகும். அதன் தொடக்க காலத்தில் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் முல்லை தங்கராசன். சிவகாசியில் இஃது எழுந்தமை தற்செயலன்று. தீப்பெட்டிச் சிட்டைகளும் நாட்காட்டிகளும் அச்சிட்டுப் பழகிய ஊர் அது; ஓவியத்தை மிகுந்த படிகளாக, குறைந்த செலவில் அச்சிடும் திறன் அங்கு முன்னரே கைவந்திருந்தது. சென்னையிலிருந்த பெரிய வார இதழ்களின் துணையின்றி ஓர் இதழ் வரிசை தெற்கே நிலைபெற்றதற்கு இத்தொழிற் பின்னணி உதவியிருத்தல் வேண்டும்.

1984-ஆம் ஆண்டு இவ் வரலாற்றில் குறிக்கத்தக்கது. சௌந்தரபாண்டியனாரின் மகனார் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் அவ்வாண்டில் தோன்றியது. பீட்டர் ஓடோனல் 1963-இல் இலண்டன் நாளிதழ் ஒன்றில் தொடங்கிய ‘மாடஸ்டி பிளைசி’ கதையே அதன் முதல் இதழ். தினத்தந்தி நிறுவனத்தாரின் ராணி காமிக்ஸ் அதே ஆண்டில் தொடங்கி 2005 வரை வெளிவந்தது. வாண்டுமாமா என்னும் புனைபெயரால் அறியப்பெற்ற வி. கிருஷ்ணமூர்த்தியை ஆசிரியராகக் கொண்ட பூந்தளிரும் 1984-இல் தோன்றியதே. ஒரே ஆண்டில் இத்துணை முயற்சிகள் எழுந்தமை, வாசகர் கூட்டம் ஒன்று அதற்கு முன்னரே உருவாகி விட்டது என்பதைப் புலப்படுத்தும்.

4. பெயர்ப்பின் தமிழ்

முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இதன் மூலம் 1962-இல் ‘வேலியன்ட்’ என்னும் பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய தொடர். கென்னத் பல்மர் தொடங்கி வைக்க, டாம் டல்லி தொடர்ந்து எழுத, இசுபானியராகிய ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் கையை இழந்து இரும்புக் கை பொருத்தப்பெறுகின்றான். மின்சாரம் பாய்ந்தால் அக்கை ஒழிய உடல் முழுதும் மறைந்து விடுகின்றது. மூலத்தின் தலைப்பை நேரே பெயர்ப்பின் ‘எஃகு நகம்’ என்பது போல வரும். தமிழ் ஆசிரியர் அதனை விடுத்தார். நகம் என்னும் சொல் தரும் விலங்குக் குறிப்பு நீங்க, மறையும் ஆற்றலாகிய கதையின் உயிர் பெயரிலேயே ஏறிற்று. மாயாவி என்பது வாலியொடு பொருத அசுரன் பெயராக இராமாயணம் கேட்டோர்க்கு முன்னரே பழகியது. பழகிய சொல்லும் புதிய பொருளும் கூடியதனால் அப்பெயர் அரை நூற்றாண்டாக நிலைத்து நின்றது.

அச்சொல்லே மயக்கத்திற்கும் இடந்தந்தது. ‘பாண்டம்’ என்னும் முகமூடி வீரன் தமிழில் வேதாளர் எனவும் வழங்கப்பெற்றான். ராணி காமிக்ஸிலோ மாயாவி என்றே பெயர் பெற்றான். ஆகவே, ‘மாயாவி கதை படித்தேன்’ என்று ஒருவர் கூறின், அவர் எவ் வரிசையைப் படித்தவர் என்று அறிந்த பின்னரே எந் நாயகனைக் குறித்தார் என்பது தெளியப்படும். ஒரு மூலம், பல பெயர். ஒரு பெயர், பல மூலம் என்னும் இச் சிக்கல், புராணக் கதைகளின் வேறுபாடுகளை ஆராய்வோர்க்குப் புதிதன்று. பிரான்சு நாட்டின் ‘புளூபெரி’ தமிழில் கேப்டன் டைகர் ஆயினான். ‘பதின்மூன்று’ என்னும் எண்ணையே தலைப்பாகக் கொண்ட பெல்சியத் தொடர் ‘இரத்தப் படலம்’ என்னும் பெயர் பெற்றது. படலம் என்னும் காப்பியச் சொல் குற்றக் கதையொன்றிற்கு ஆகி வந்த பாங்கு நோக்கத்தக்கது.

படக்கதை மொழிபெயர்ப்பாளர்க்குரிய இடர் பிறர்க்கு இல்லாதது. பேச்சு அடங்கும் வட்டத்தின் அளவு முன்னரே வரையறுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் நான்கு சிறு சொற்களால் நிரம்பும் இடத்தில் தமிழின் நீண்ட வினைமுற்றுக்கள் அடங்குவதில்லை. ஆதலின் எழுவாயை விடுத்தும், வினையைக் குறைத்தும், வியப்புக் குறியால் முடித்தும் ஓர் உரைநடை உருவாயிற்று. நீண்ட வருணனையைப் படமே தாங்கிக் கொள்ளச் சொல், உரையாடலுக்கே உரியதாயிற்று. செந்தமிழ் வாக்கியமும் பேச்சு வழக்கும் அருகருகே நிற்கும் இந்நடை, ஆசிரியர்தோறும் வேறுபடுவது. இதழ்களை ஆண்டு முறையில் வைத்து ஒப்பிடின், தமிழ் உரையாடல் நடை மாறிவந்த நெறியைக் காண்டல் கூடும்.

ஒலிக்குறிப்புச் சொற்கள் தனித்து ஆராயத்தக்கன. துப்பாக்கிக்கு ‘டுமீல்’, உலோகத்திற்கு ‘ணங்’, வீழ்ச்சிக்குத் ‘தடால்’, அறைக்குப் ‘பளார்’ எனப் படத்தினுள்ளேயே பெரிய எழுத்தில் வரைவது இவ்வகையின் இயல்பு. தொல்காப்பியர் உரிச்சொல்லை இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றன் அடியாகப் பிறப்பதாகக் கூறினர். இசையடியாகப் பிறக்கும் சொற்களின் இக்கால வளர்ச்சியை அறிய விரும்புவார்க்குப் படக்கதை போன்று செறிந்த தரவு வேறு கிடைத்தல் அரிது. அகராதியில் ஏறாத பல ஒலிச்சொற்கள் இவ் இதழ்களில் மட்டுமே அச்சேறியிருத்தல் கூடும்.

இரு கட்டங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடமும் பொருளுடையது. ஒரு கட்டத்தில் ஓங்கிய கை, மறு கட்டத்தில் வீழ்ந்த பகைவன். நடுவே நிகழ்ந்ததைப் படிப்போனே தன் உள்ளத்தால் நிரப்புகின்றான். எச்ச வகைகளுள் குறிப்பெச்சத்தைத் தொல்காப்பியர் கூறியது சொல்லைப் பற்றியதே எனினும், சொல்லாத பகுதியைக் கேட்போன் முடித்துக்கொள்ளும் மனச்செயல் இரண்டிற்கும் பொது. சிறுவர் இதனை யாரும் கற்பிக்காமலே கற்றனர் என்பது, படக்கதை மூளையை மடிப்படுத்தும் என்ற பழங் குற்றச்சாட்டிற்கு ஒரு மறுமொழியாகும்.

5. அழிவும் தொகுப்பும்

இவ்விதழ்கள் ஆயிரக்கணக்கிற் பரவியும் ஏன் அரியவாயின? காரணம் பலவாகும். மட்டமான தாளில் அச்சாயின. அத்தாள் சில ஆண்டுகளில் பழுத்து நொறுங்கும். ஒருவர் வாங்கியதைப் பலர் கைமாற்றிப் படித்தமையின் அட்டையும் முதல் ஏடும் முதலில் அழிந்தன. தேர்வுக் காலத்தில் பெற்றோர் எடைக்குப் போட்டவை மிகப் பல. பழைய நூல் விற்பனைக்குப் பெயர் பெற்ற சென்னை மூர் மார்க்கெட்டு 1985-இல் தீக்கிரையாயிற்று.

பொது நூலகங்கள் இவற்றைக் காத்திருத்தல் வேண்டும். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கற் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமரா நூலகம் முதலியவற்றிற்கும் அனுப்பப்படல் முறை. 1956-இல் இச்சட்டம் பருவ வெளியீடுகளையும் உட்கொண்டது. ஆனால் அனுப்புதல் பதிப்பாளர் முனைப்பைப் பொறுத்தது. வந்ததைக் கட்டமைத்துப் பேணுதல் நூலகத்தார் மதிப்பீட்டைப் பொறுத்தது. இரண்டனுள் ஒன்று தளரினும் சங்கிலி அறும். படக்கதையைப் பொறுத்தவரை மதிப்பீடு எத்தகையதாக இருந்தது என்பதற்கு, பல்கலைக்கழக நூலகப் பட்டியல்களில் அதன் இடத்தைத் தேடிப் பார்ப்பதே போதும்.

எனவே, காத்தோர் தனியாரே. அவருட் பலர் ஆய்வாளர் அல்லர். அலுவலகங்களிலும் கடைகளிலும் பணிபுரிவோர். இதழ் எண்ணைக் கொண்டு விடுபட்டதைக் கண்டறிதல், ஒரே கதையின் முதற்பதிப்பையும் மறுபதிப்பையும் ஒப்பிட்டு நீக்கிய பக்கங்களைக் குறித்தல், தமிழ்த் தலைப்பிற்குரிய மூலத்தைக் காணுதல் ஆகிய பணிகளை அவர்கள் தம் விருப்பினாலேயே செய்தனர். இவை பதிப்பாசிரியன் பணிகள் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆசிரியர் பெயரைக் காணும் பணி இவற்றுள் அரியது. அக்காலப் பிரிட்டிஷ் சிறுவர் வார இதழ்கள் எழுதினோர் பெயரையும் வரைந்தோர் பெயரையும் அச்சிடுதல் பொது வழக்கன்று. பின்வந்த ஆர்வலர் கோட்டின் போக்கையும் பதிப்பகக் குறிப்புக்களையும் ஆராய்ந்தே பெயர்களை வெளிக்கொணர்ந்தனர். அவ் ஆராய்ச்சியின் பயனாக ஒரு வியத்தகு செய்தி தெரியவந்தது. லயன் காமிக்ஸில் புகழ்பெற்ற ‘ஸ்பைடர்’ கதைகளின் மூலம், டெட் கோவன் 1965-இல் தொடங்கியது. பின்னர் அதனைப் பெரிதும் எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் ‘சூப்பர்மேன்’ நாயகனைப் படைத்த இருவருள் ஒருவர் அவரே. தமிழ்ச் சிறுவர் அவர் கதையைப் படித்தனர். அவர் பெயரை அறிந்திலர். பாடினோர் பெயர் மறைந்த பாட்டிற்கு அதன் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என வழங்கிய மரபினர் நாம். பெயர் மறைந்த கலைஞனைத் தேடுதலின் அருமையை நமக்குப் பிறர் கூற வேண்டுவதில்லை.

தனியார் தொகுப்பு பொதுச் செல்வமாகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு அமையாது, துண்டறிக்கை, நாடக விளம்பரம், அழைப்பிதழ் முதலியவற்றையும் சேர்த்தார். பிறர் குப்பை என்று கருதியவை அவை. அவர் மறைந்த பின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத் தொகுப்பைப் பெற, 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. குஜிலிக் கடைச் சிறுநூல்கள் தம் காலத்துப் புலவரால் இகழப்பட்டன. இன்று சமூக வரலாறு எழுதுவோர்க்கு அவை முதன்மைச் சான்று. அமெரிக்காவிலும் பில் பிளாக்பியர்ட் என்பார் 1968 முதல், நுண்படம் எடுத்த பின் நூலகங்கள் கழித்த நாளிதழ்களைத் திரட்டினார்; பழைய படக்கதைத் தொடர்கள் பல அவரால் பிழைத்தன. அத் தொகுப்பு இப்பொழுது ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளது.

6. மீள்வாசிப்பின் இன்பம்

தமிழில் மீள்வாசிப்பு வலுப்பெற்றமைக்கு இரு நிகழ்ச்சிகளைச் சுட்டலாம். ‘இரத்தப் படலம்’ தொடரின் 18 பாகங்களும் 2010-இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. இடையே தளர்ந்திருந்த லயன் காமிக்ஸ், 2012-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சிறப்பிதழோடு மீண்டெழுந்தது. பின்னர் நல்ல தாளிலும் வண்ணத்திலும் இதழ்கள் வந்தன. வாங்கியோருள் பலர் வளர்ந்தோர், இளமையில் படித்தவர்.

இவ்வின்பம் எத்தகையது? இளமையில் கதையின் முடிவை நோக்கி விரைந்த கண், இப்பொழுது கோட்டில் தங்குகின்றது, நிழலமைப்பை வியக்கின்றது, மொழிபெயர்ப்பின் சொல்லைச் சுவைக்கின்றது. முடிவு தெரிந்த கதையை மீண்டும் படித்தல் காப்பிய வாசிப்பின் இயல்பு. கம்பனைப் பயில்வோர் சீதை மீட்கப்படுவாளோ என்று ஐயுற்றுப் படிப்பதில்லை. இருவகை நூல்களும் தகுதியால் ஒன்று என்பது எம் கருத்தன்று. மீண்டும் படிக்கும் மனநிலை ஒன்று என்பதே.

மறுப்பும் உண்டு. தொகுப்போருள் சிலர் இதழை உறையிலிட்டு விலையேற்றத்திற்குக் காத்திருப்பர். படிப்பதில்லை, பிறர்க்குக் காட்டுவதும் இல்லை. ஏட்டுச் சுவடியைப் பூசைப் பொருளாக்கிப் பூட்டி வைத்து அழியவிட்ட குடும்பங்களின் வரலாற்றை உ.வே. சாமிநாதையர் காலத்திலிருந்து நாம் அறிவோம். பூட்டி வைத்தலும் ஒருவகை இழப்பே. இன்னொரு மறுப்பு, இக் கதைகளிற் பல அயல்நாட்டு ஆதிக்கப் பார்வையைத் தாங்கியவை என்பது. காட்டு மக்களைக் காக்க வெள்ளை வீரன் ஒருவன் வருதலே ‘பாண்டம்’ கதையின் அடிப்படை. இக்குற்றம் உண்மை. ஆனால், அப்பார்வை தமிழ்ச் சிறுவர் உள்ளத்தில் எவ்வாறு பதிந்தது என்பதை ஆராயவும் அவ்விதழ்களே சான்றாக வேண்டும். அழிந்ததை ஆராய இயலாது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தமிழ்ப் படக்கதை இதழ்கள் சொல்லாக்கம், உரையாடல் நடை, மொழிபெயர்ப்பு, அச்சுத் தொழில், வாசகர் வரலாறு ஆகிய ஐந்திற்கும் பயன்படும் தரவுகள் என்பது புலனாகும். அத்தரவுகள் இன்று பெரும்பாலும் தனியார் பேழைகளில் உள்ளன. தொகுத்தோர்க்கு அகவை ஏறுகின்றது, தாளுக்கும் ஏறுகின்றது. தொகுப்பாளர் மறைந்த பின் அவர் குடும்பத்தார்க்கு அதன் அருமை தெரியாதாயின், நாற்பது ஆண்டு உழைப்பு ஒரு நாளில் எடைக்குப் போகும்.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணிகள் மூன்று. முதலாவது, இதழ் எண், தலைப்பு, மூலம், மறுபதிப்பு ஆகியவற்றைக் குறிக்கும் அடைவு ஒன்றைத் தொகுப்பாளர் துணையோடு உருவாக்குதல். இரண்டாவது, மொழிபெயர்த்தோர், எழுத்துப் பொறித்தோர், அட்டை வரைந்தோர் ஆகியோருள் வாழ்வாரைக் கண்டு அவர்தம் பணியைப் பதிவு செய்தல். மூன்றாவது, ஒலிக்குறிப்புச் சொற்களையேனும் ஒரு முதுகலை மாணவர் தொகுத்து ஆராயுமாறு தூண்டுதல். மூன்றனுள்ளும் இரண்டாவதே விரைந்து செய்யற்பாலது; ஏனெனில், இதழின் மற்றொரு படி எங்கேனும் கிடைத்தல் கூடும், அதனை உருவாக்கியவரின் நினைவிற்கு மறுபடி இல்லை.